அந்த ஆலாபனை யாருடையது?

மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியவரும் விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பகலில் அந்தேரியில் கணக்கு எழுதும் வேலை. இரவில் வீட்டார் உறங்கியபின், ஒற்றை அறை வீட்டில் சமையல் மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு இசையமைக்கிறார். அப்பா தவில் வித்வான். மாதுங்கா, செம்பூர்க் கல்யாணங்களிலும் தாராவிக் கோயில் திருவிழாக்களிலும் முப்பது வருடமாக வாசிக்கிறவர். மகன் சென்ற ஆண்டு தானே ஒரு தமிழ்ப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நண்பர் ஒருவரைப் பாடவைத்து யூடியூபில் வெளியிட்டார். அதன் தாளம், மாதச் சந்தா கட்டினால் ஆயத்த ஒலித்துண்டுகளைத் தரும் ஒரு சாம்பிள் சேவையிலிருந்து இறக்கிய டிரம் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் ஒரு டிரம் துண்டு. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு பெண் குரல் ஆலாபனை வருகிறது, 16 விநாடி. அது வேறொரு நண்பரின் ஹார்ட் டிஸ்கில், சாம்பிள் பேக்குகள் (ஒலித்துண்டுத் தொகுப்புகள்) கொட்டிக் கிடந்த ஒரு ஃபோல்டரிலிருந்து எடுத்தது. பேஸும் கீபோர்டும் அவரே வாசித்தவை.

பாட்டு நன்றாக ஓடியது. ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. விளம்பரப் பட நிறுவனம் ஒன்று, பல்லவியையும் அதன் தாளத்தையும் 40 விநாடி விளம்பரத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கேட்கிறது. 'பாட்டு முழுக்க முழுக்க என் சொந்தப் படைப்பு. எல்லா உரிமைகளையும் உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும், தனியுரிமையாகத் தருகிறேன்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதே வாரம், அந்த ஆலாபனை வரும் இடத்தைக் குறிப்பிட்டு வெளிநாட்டு இசைக்கலைஞர் ஒருவரின் பெயரில் யூடியூபில் உரிமைகோரல் வந்தது. கோபத்தில் 'உன் மீது வழக்குப் போடுவேன்' என்று அவருக்கு எழுதிவிட்டார் நம் வாசகர். 'ஏழு விநாடிக்கு மேல் போனால்தான் குற்றம். ஆலாபனையை வெட்டிக் குறைத்துவிடு' என்கிறார்கள் நண்பர்கள். பாட்டு எப்படி உருவானது என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட அப்பாவோ, 'கடையில் வாங்கிய தாளத்துக்கு நீ எப்படிப் பேர் போட்டுக்கொள்வாய்?' என்று கேட்டுவிட்டுப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

'ஆயத்த சாம்பிள்களைப் பயன்படுத்துவதே தவறா? இனி நிறுத்திவிட வேண்டுமா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?' இவையே அவருடைய கேள்விகள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்களாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு பக்கம். அப்பாவின் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி இரண்டு பக்கம். அதனால் நானும் அங்கேயே தொடங்குகிறேன்.

சட்டத்தைக் கேட்டால் பதில் தெளிவாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2, இசையை உருவாக்குகிறவரே இசையமைப்பாளர் என்கிறது. அதை அவர் குறியீடுகளில் எழுதிவைத்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை. ஒலிகளை எங்கே பெற்றார், எந்தக் கருவியைத் தன் கையால் வாசித்தார் என்றெல்லாம் அந்த விளக்கம் கேட்கவில்லை. மெட்டு உங்களுடையது, சொல் உங்களுடையது, எந்த இடத்தில் தாளம் நுழைய வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்ற முடிவும் உங்களுடையது. ஒரு படைப்பில் படைத்தவரின் திறனும் தேர்வும் ஓரளவேனும் தெரிய வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொன்னது. உங்கள் பாட்டில் அது தாராளமாகவே தெரிகிறது. நான் மூன்று முறை கேட்டேன்.

உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களும் பலர். ரிஹானா பாடிய 'அம்ப்ரெல்லா' 2007-இல் வெளிவந்து மறு ஆண்டு கிராமி விருதும் பெற்றது. அதன் டிரம் தாளம் ஆப்பிளின் காராஜ்பேண்ட் மென்பொருளோடு யாருக்கும் கிடைக்கிற ஒரு லூப். நம் மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தித் திரையிசையின் பொற்காலத்தில் மெட்டுப் போட்டவர் ஒருவர். அதற்கு வயலின் வரிசைகளையும் இடையிசையையும் எழுதியவர் பெரும்பாலும் செபாஸ்டியன் டிசோசா போன்ற கோவாக் கலைஞர். வாசித்தவர்கள் அன்றைக்குரிய கூலியை வாங்கிக்கொண்டு ரயில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். தனி மனிதர் ஒருவர் எல்லா ஒலியையும் தன் விரலாலேயே எழுப்பிய இசைத்தட்டு இந்த ஊரில் அரிது. கச்சேரி மேடையில் தம்பூரா மீட்ட ஆள் உட்கார்ந்த இடத்தில் இன்று மின்னணுப் பெட்டி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை முதன்முதலாக வாங்கியபோது, வீணை கற்பித்துக்கொண்டிருந்த என் அம்மா ஒரு மாதம் அதைத் தொடவில்லை. பிறகு அது இல்லாமல் பாடமே நடக்கவில்லை.

ஆகவே, பயன்படுத்துவது தவறில்லை; நிறுத்தவும் வேண்டாம். ஆனாலும் உங்கள் அப்பாவின் கேள்வியைப் பழைய தலைமுறையின் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அடித்த கை ஒன்று இருக்கிறது, அது எங்கே என்பதே அவருடைய கேள்வி. முப்பது வருடம் விரல்களில் கூடு மாட்டி வாசித்தவருக்கு அது தோன்றாமல் இருக்காது. 1969-இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஏழு விநாடி கூட நிறையாத ஒரு டிரம் துண்டு இருக்கிறது. இன்று அதை 'ஏமன் பிரேக்' என்கிறார்கள். ஆயிரக்கணக்கான பாடல்களில் அது வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது; சாம்பிள் தொகுப்புகளிலும் விற்பனையானது. அதை வாசித்த கிரிகரி கோல்மன் அந்த அடிக்காக ஒரு காசும் பெறாமலே 2006-இல் இறந்துபோனார். குழுத் தலைவருக்கு 2015-இல் இசை ரசிகர்கள் தாங்களாகவே நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அதுதான் அவருக்கு வந்தது. ஒழுங்கான நிறுவனத்தின் சாம்பிள் பேக்கை நீங்கள் விலை கொடுத்து வாங்கும்போது, வாசித்தவருக்கு முன்னதாகவே ஏதோ ஒரு வகையில் பணம் போயிருக்கும். ஹார்ட் டிஸ்கில் கைமாறி வந்த ஃபோல்டரில் அந்த உறுதி கிடையாது. உங்கள் டிரம் லூப்பையும் ஆலாபனையையும் நான் வெவ்வேறாகப் பார்ப்பது இதனால்தான்.

ராயல்டி-ஃப்ரீ என்ற சொல்

முதலில் ஒரு சிறு திருத்தம். கடிதம் முழுக்கக் 'காப்புரிமை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ளது பதிப்புரிமை. நாளை நீங்கள் எழுதப்போகும் கடிதங்களிலாவது சரியான சொல் இருக்கட்டும்.

'ராயல்டி-ஃப்ரீ என்பதால் அந்த லூப்புக்கு உரிமையாளரே இல்லை' என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். உரிமையாளர் இருக்கிறார். அந்த ஒலிப்பதிவு பேக் தயாரித்தவருடையதாகவே இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பது உரிமம் மட்டும். ஒவ்வொரு முறை பாட்டு ஒலிக்கும்போதும் தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்பதே ராயல்டி-ஃப்ரீயின் பொருள். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுத்துச் சமைத்தால் சாப்பாடு நம்முடையது, அண்டா அவருடையது. இங்கே ஒரு வேறுபாடு, அதே அண்டா ஒரே நேரத்தில் ஆயிரம் வீட்டில் அடுப்பில் இருக்கும்.

இத்தகைய உரிமங்களில் பெரும்பாலும் காணப்படும் நிபந்தனைகள் சில உண்டு. லூப்பை மற்ற ஒலிகளோடு சேர்த்துப் புதிய பாட்டாக்கலாம். தனியாக எடுத்து விற்கவோ, வேறொரு பேக்கில் சேர்க்கவோ கூடாது. உரிமம் வாங்கியவருக்கு மட்டும். நண்பருக்குக் கைமாற்ற முடியாது. லூப்பை உங்கள் ஒலி என்று எங்கேயும் பதிய முடியாது. மெலடி லூப் விற்கும் சிலர் இசையமைப்பிலும் பங்கு கேட்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். சந்தாவை நிறுத்தியபின் ஏற்கெனவே இறக்கியவற்றைப் பயன்படுத்தலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விதிகள் எழுதிய பக்கத்தையும், நீங்கள் பணம் கட்டிய ரசீதையும், எந்த நாளில் எந்த லூப்பை இறக்கினீர்கள் என்பதையும் இன்றே சேமித்துவையுங்கள். உங்கள் டிரம் லூப்பைப் பொறுத்தவரை இவ்வளவுதான் வேலை. அதில் நீங்கள் பத்திரமாகவே இருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கருத்து ஒன்று. டிரம் ஒலிகள், தனித்தனி அடிகள், பின்னணிக் கோர்வைகள் ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பேக்கிலிருந்து எடுங்கள். பாட்டின் முகமாக நிற்கப்போகும் ஒலியை மட்டும், அதாவது கேட்டவர் மறுநாள் முணுமுணுக்கப்போகும் குரலையோ மெலடியையோ, பேக்கிலிருந்து எடுக்காதீர்கள். உரிமம் சரியாக இருந்தாலும்கூட, அதே முகத்தோடு வேறொரு பாட்டு எதிரே வந்து நிற்கும். உங்களுக்கு நடந்திருப்பதும் அதுதான்.

ஏழு விநாடிக் கதை

இல்லை. இந்தியச் சட்டத்தில் ஏழு விநாடி என்றோ, எட்டு தாளக்கட்டு என்றோ, 30 விநாடி என்றோ எந்த எல்லையும் எழுதப்படவில்லை. பிரிவு 14 ஒரு படைப்பின் கணிசமான பகுதியைப் பற்றிப் பேசுகிறது. எவ்வளவு நீளம் என்பதோடு, எடுத்தது எவ்வளவு முக்கியமான பகுதி என்பதும் பார்க்கப்படும். மிக அற்பமான பயன்பாட்டை நீதிமன்றம் பெரிதுபடுத்தாமல் விட்டதுண்டு. 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம், தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பாடகி சில திரைப்பாட்டு வரிகளைப் பாடிக் காட்டிய வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. தன் பாட்டில் வேறொருவரின் குரலை வைத்து அதை விளம்பரத்துக்கும் விற்கப்போகிறவர் அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது. ஆலாபனையை ஆறு விநாடியாக வெட்டினாலும் அது அந்தப் பெண்ணின் குரல்தான்.

'அது வெறும் மோகன ராகம்தானே, ராகத்துக்கு யார் சொந்தக்காரர்?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். ராகம் யாருக்கும் சொந்தமில்லை, உண்மை. ஆனால் அந்த ராகத்தை ஒருவர் ஒருநாள் ஒரு மைக்குக்கு முன்னால் பாடிய பதிவு சொந்தமானது. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் பதிப்புரிமை. பாடியவருக்கு அதிலிருந்து தனியாக நிகழ்த்துநர் உரிமை, 50 வருடம்.

எனக்குக் கவலை தருவது, அந்த ஃபோல்டர் எங்கிருந்து வந்தது என்பதே உங்களுக்குத் தெரியவில்லை என்பது. யாரோ காசு கொடுத்து வாங்கிய பேக்கின் திருட்டுப் பிரதியாக இருக்கலாம். பழைய திரைப்பாட்டிலிருந்தோ கச்சேரி இசைத்தட்டிலிருந்தோ யாரோ அறுத்தெடுத்த துண்டாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் சிக்கல் பெரிது. 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பாட்டில் பப்பி லாஹிரி இசையமைத்த, லதா மங்கேஷ்கர் பாடிய இந்திப் பாட்டின் பகுதி அனுமதியில்லாமல் சேர்க்கப்பட்டிருந்தது. லாஹிரியின் பெயரைச் சேர்க்காமல் அந்த ஆல்பத்தை விற்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் தடை போட்டது. காசு கொடுத்து வாங்கியதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டை உருவாக்கிய இளைஞர் அதன் இசையை இணையத்தில் 30 டாலருக்குத்தான் வாங்கினார். அந்த இசையை விற்றவர், நைன் இஞ்ச் நெயில்ஸ் குழு 2008-இல் வெளியிட்ட ஒரு பதிவிலிருந்து பகுதியை எடுத்திருந்தார். பாட்டு உலகப் புகழ் பெற்றபின், அந்தக் குழுவினருடன் பேசி அனுமதியும் பெற்று, அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

சட்டத்தில் தண்டனைப் பிரிவும் உண்டு. தெரிந்தே உரிமை மீறினால் பிரிவு 63-இன்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. 'தெரிந்தே' என்ற சொல்லைக் கவனியுங்கள். இதுவரை உங்களுக்குத் தெரியாது. இந்தப் பதிலைப் படித்தபின் தெரியாது என்று சொல்ல முடியாது.

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. மூலப் பேக்கைக் கண்டுபிடித்து உங்கள் பெயரில் உரிமம் வாங்கலாம். அது இனிமேலுக்குப் பாதுகாப்பு, கடந்த ஓராண்டை அது தானாகச் சரிசெய்யாது, நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். ஆலாபனையை நீக்கிவிடலாம். அல்லது ஒரு பாடகியை அழைத்து, அந்த இடத்துக்குப் புதிதாக ஓர் ஆலாபனை பாடவைக்கலாம். நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். மாதுங்காவிலும் செம்பூரிலும் நன்றாகப் பாடக்கூடிய எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், கேட்க ஆளில்லாமல். பழைய ஆலாபனையின் சங்கதிகளை அப்படியே பாடச் சொல்லாதீர்கள். அது ஏற்கெனவே உள்ள ஒரு பாட்டின் மெட்டாக இருந்துவிட்டால் மீண்டும் அதே குழியில் விழுவீர்கள். பிரிவு 13(3)-இன்படி, பிறர் மெட்டின் உரிமையை மீறி உருவாக்கிய ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமையே கிடைக்காது.

யூடியூப் உரிமைகோரல்

வந்திருப்பது கன்டென்ட் ஐ.டி. உரிமைகோரல்; ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் தானியங்கி முறை வழியாக வருவது. சேனலையே முடக்கக்கூடிய எச்சரிக்கைப் புள்ளி (ஸ்ட்ரைக்) வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பலருக்கும் பொதுவாக உரிமம் தரப்பட்ட லூப்களை வைத்து உரிமைகோரக் கூடாது என்பது யூடியூபின் சொந்த விதி. எனவே எதிர்த்தரப்புக்காரரும் அதே ஆலாபனையைப் பேக்கிலிருந்து எடுத்தவராக இருந்தால் அவருடைய கோரிக்கை தவறு. உங்கள் டிரம் லூப்பின் மீது இந்தக் கோரிக்கை வந்திருந்தால், 'உடனே மறுப்புப் பதியுங்கள், ஐந்து நாளுக்குள் பதிந்தால் முதல் நாளிலிருந்தே விளம்பர வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும், பதில் தர அவருக்கு 30 நாள் இருக்கிறது' என்று எழுதியிருப்பேன். ஆலாபனை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. மறுப்புப் படிவத்தில் 'என்னிடம் உரிமம் இருக்கிறது' என்று நீங்கள் எழுத வேண்டியிருக்கும். இல்லாததை இருக்கிறது என்று எழுதாதீர்கள். அவருக்கு உரிமை இல்லாமல் போகலாம். அதனால் உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

யூடியூபின் எடிட்டரிலேயே அந்த 16 விநாடியை மட்டும் வெட்டிவிடவோ ஒலியை அடக்கிவிடவோ முடியும். வீடியோவின் முகவரியும் பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். இன்று இரவே செய்துவிடலாம். புதிய ஆலாபனையோடு சேர்ந்த பதிப்பைப் பிறகு தனியாக வெளியிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய மிரட்டலைப் பற்றி: தனக்கு உரிமை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுத்தால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போய்த் தடையும் நஷ்டஈடும் கேட்கப் பிரிவு 60 இடம் தருகிறது. அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிவிடுங்கள். தவறை ஒப்புக்கொள்ளும் சொல் எதுவும் அதில் வேண்டாம். கூடவே, 'இந்தக் குரலை எந்தப் பேக்கிலிருந்து எடுத்தீர்கள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த ஆலாபனை யாருடையது என்று உங்களுக்குச் சொல்லக்கூடியவர் இப்போதைக்கு உலகத்தில் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால்

ஒப்பந்தத்தை இப்போது இருக்கிறபடி கையெழுத்துப் போடாதீர்கள். 'முழுக்க முழுக்கச் சொந்தப் படைப்பு' என்பது உண்மையில்லை. டிரம் லூப்பைத் தனியுரிமையாகத் தர உங்களால் முடியாது. அதற்கு அடுத்த பத்தியில், எந்தச் சிக்கல் வந்தாலும் முழுச் செலவையும் நீங்களே ஏற்பதாக ஓர் உறுதிமொழியும் இருக்கிறது. ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு எல்லையில்லாத பொறுப்பை ஏற்பது அது. விளம்பரம் நிறுத்தப்பட்டால் அந்த நஷ்டம் உங்கள் பத்து வருடச் சம்பளத்தை விழுங்கும்.

இதற்காக வாய்ப்பை இழக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது பல்லவியும் தாளமும் மட்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆலாபனை அந்த 40 விநாடியில் வரவே இல்லை. ஆகவே ஆலாபனை இல்லாத பதிப்பை மட்டும் கொடுங்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பதிப்பையே குறிப்பிடச் சொல்லுங்கள். சாம்பிள் சேவையின் உரிமம் விளம்பரப் பயன்பாட்டை அனுமதிக்கிறதா என்று ஒருமுறை படித்து உறுதிசெய்துகொண்டு, இப்படி ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள்: 'இப்பாட்டின் தாளப் பகுதியில், உரிமம் பெற்ற பொது ஒலித்துண்டுகள் பயன்படுத்தப்பட்டுள்ளன, அவற்றின் மீது தனியுரிமை தரப்படவில்லை.' விளம்பர நிறுவனங்களுக்கு இது புதிதல்ல. சொன்னால் சேர்ப்பார்கள், மறைத்துப் பின்னால் தெரியவந்தால்தான் கோபப்படுவார்கள். பொறுப்பேற்பு, அவர்கள் தரும் தொகைக்கு மேல் போகக் கூடாது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

'என்றென்றைக்கும், உலகம் முழுவதும்' என்பதையும் பேசிக் குறைக்கலாம். உரிமை மாற்றத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றே கொள்ளப்படும் என்கிறது பிரிவு 19. இங்கே அவர்கள் இரண்டையும் எழுதிவிட்டதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. உரிமையை மாற்றிக் கொடுக்காமல், ஒரு வருடத்துக்கு, இந்தியாவுக்குள், இந்த ஒரு விளம்பரத்துக்கு என்று உரிமம் தர முயலுங்கள். ஒன்று மட்டும் அவர்களால் உங்களிடமிருந்து எழுதி வாங்க முடியாது. 2012-இல் செய்த திருத்தத்தின்படி, இசையமைப்பாளராகவும் பாடலாசிரியராகவும் உங்களுக்கு வரவேண்டிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது செல்லாது. அதை வசூலிக்க 1969-இலிருந்து இந்த ஊரில் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். ஆலாபனையைச் சரிசெய்தபின் பதியுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. பாட்டைப் பாடிய நண்பரிடம் எழுத்தில் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா? முகம் தெரியாத யாரோ அடித்த டிரம்முக்கு உங்களிடம் உரிமமும் ரசீதும் இருக்கின்றன. இரண்டு இரவுகள் உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பாடியவருக்குத் தேநீர் கொடுத்ததோடு சரி என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. விளம்பரத்தில் ஒலிக்கப்போவது அவர் குரல். அவருடைய சம்மதத்தையும், ஒன்றரை லட்சத்தில் அவருக்கு எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இதைச் செய்யாமல் விளம்பர ஒப்பந்தத்தைத் தொடாதீர்கள். இந்தத் துறையில் நான் பார்த்த நட்பு முறிவுகளில் முக்கால்வாசி, பணம் வராதபோது நடந்தவை அல்ல, வந்தபின் நடந்தவை.

அப்பாவின் தவில்

கடிதத்தின் கடைசியில், 'அப்பாவின் தவிலைப் பதிவுசெய்து நானே ஒரு பேக் தயாரித்தால் என்ன என்று தோன்றுகிறது, ஆனால் அவர் சம்மதிப்பாரா தெரியவில்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நல்ல தவில் ஒலியைப் பேக்குகளில் தேடிச் சலித்துப்போன இசையமைப்பாளர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

ஒற்றை அறையில் தவில் வாசித்தால் அக்கம்பக்கம் திரண்டு வந்துவிடும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை எடுங்கள். தவிலின் வலது முகமான வலந்தலைக்கு ஒரு மைக், இடது முகமான தொப்பிக்கு ஒரு மைக். தனித்தனித் தாளச் சொற்களையும் அவர் வாசிக்கட்டும், கோர்வைகளையும் வாசிக்கட்டும், கெட்டிமேளத்தையும் விடாதீர்கள். முன்முயற்சியும் பொறுப்பும் உங்களுடையதானால் ஒலிப்பதிவின் உரிமை உங்களுக்கு. நிகழ்த்துநர் உரிமை அவருக்கு. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே எதற்கு ஒப்பந்தம் என்று கேட்காதீர்கள். கூடத்தில் வாசித்ததற்கு எவ்வளவு, விற்பனையில் அவருக்கு எத்தனை சதவீதம், அவருக்குப் பின் அது அம்மாவுக்குப் போகுமா என்று தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சாம்பிள் நிறுவனத்துக்கு விற்பதானால், ஒரே தடவையில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்களா, ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் பங்கு தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவதைத் தருகிறவர்களிடம் போங்கள், தொகை குறைவாக இருந்தாலும்.

சம்மதம் கேட்கப் போகும்போது இந்தப் பதிலையும் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டலாம். ஒவ்வொரு கோப்புக்கும் நீங்கள் வைக்கப்போகும் பெயரில் அவருடைய பெயர்தான் முதலில் வரும் என்பதையும் சொல்லுங்கள்.